பதினேழு படங்களுக்கு வைத்த பெயர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். என்ன பொருள், என்றைக்கு நிரப்பியது, இரண்டும் இருக்கும். கல்யாணமான புதிதில் என் கணவர் கேலி செய்வார். "என் நெத்தியிலயும் ஒண்ணு எழுதி ஒட்டிடு, யாருன்னு மறந்துடப் போற" என்பார். இருபத்திரண்டு வருடமாக ஒருநாள்கூட உப்புப் போட்ட காபி குடிக்காமல் இருக்கிறாரே, அது யார் புண்ணியம் என்று நான் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இவ்வளவு கவனமான ஆளும்மா நீங்க. உங்க கையால எப்படி இது நடந்துச்சு?" என்றீர்கள். கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட உங்களுக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்று தெரிகிறது ஐயா. நல்ல மனசு. ஆனால் அது சரியான பெயர் இல்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் ஆள் தட்டச்சு செய்யும் வேகத்துக்கே பேசுகிறேன்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து பம்ப் செய்கிறது. ஒரு தடித்த புத்தகம் அளவுக்குப் பெட்டி. மேலே பெரிய சிரிஞ்சைப் படுக்கவைத்துப் பூட்டுவார்கள். உள்ளே இருக்கும் மோட்டார் அதன் பின்பக்கத்தை மெல்லத் தள்ளும். மணிக்கு இரண்டு மில்லி, மூன்று மில்லி. பார்த்துக்கொண்டிருந்தால் நகர்வதே தெரியாது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வலி மருந்து இப்படித்தான் ஏறும்.

என் வேலை டெஸ்டிங். பம்புக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, அதுதான் போர்டு, தயாராகி வந்ததும் அதை மேசையில் வைத்து, ஸ்கோப்பின் ஊசி போன்ற புரோப்பை அதன் ஒரு முனையில் தொட்டு, கிரவுண்ட் கிளிப்பை இன்னொரு இடத்தில் மாட்டிப் பார்ப்பேன். ஸ்கோப் என்றால் ஆசிலோஸ்கோப். மின்சாரத்துக்கு எக்ஸ்ரே என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறதோ அது திரையில் கோடாக ஓடும். பொத்தானை அழுத்தினால் அந்தத் திரை அப்படியே படமாகிப் பென்டிரைவில் விழும். அந்தப் படங்களுக்கு இயந்திரம் வைக்கும் பெயர் வெறும் எண். நூறு படம் எடுத்தால் நூறும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஒரே சாடையில் இருக்கும். பெயர் வைத்தால்தான் எது யாருடையது என்று தெரியும்.

நான் சேர்ந்தபோது அங்கே இருந்த படங்களுக்கு 'புதுசு', 'புதுசு இரண்டு', 'கடைசி', 'நிஜமாவே கடைசி' என்றெல்லாம் பெயர் இருந்தது. சிரிக்காதீர்கள், எல்லா ஊர் ஆபீசிலும் அப்படித்தான். நான்தான் ஒழுங்கு கொண்டுவந்தேன். போர்டு எண், எந்த முனை, எத்தனையாவது முறை, சரியா இல்லையா, தேதி. ஆறு வருடத்துக்கு முன்னால் எடுத்த படத்தைக் கேட்டால் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். மேனேஜர் வெளியாட்களை அழைத்து வரும்போது என் மேசைக்குத்தான் முதலில் கூட்டி வருவார்.

இனி பவர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்டில் மின்சாரம் பிரிந்து போகும் பகுதியை வடிவமைப்பது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கெட்டிக்காரர். நல்லவர் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். என் கணவர் ஒருமுறை மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, செய்தி கேட்ட அடுத்த நிமிடம் காரை எடுத்தவர் அவர்தான். மூன்று வாரம் காலையும் மாலையும் என்னை வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய மாடல் போர்டில் கோடு நடுங்குவதைப் பார்த்தேன். படம் எடுத்து, பெயர் வைத்து, அச்செடுத்து, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வைத்தேன். பவர் சார் படத்தைப் பார்த்தார். எழுந்து என் மேசைக்கு வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள், பதினொரு பேர். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் கிரவுண்ட் கிளிப்பை லேசாக ஒரு தட்டுத் தட்டினார். திரையில் கோடு நேராகிவிட்டது.

"போர்டுல ஒரு குறையும் இல்லம்மா. உங்க கிளிப்புதான் ஆடுது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கேலி இல்லை, வேலை குறைந்த சந்தோஷம். அன்று சாயங்காலமே எனக்குக் கிளிப்பம்மா என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது அவர். என் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி நிறைய கிளிப் வாங்கி, மேலே பட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். தரமான கிளிப்புகள். இன்றைக்கும் அந்த மேசையில் அவைதான் இருக்கின்றன.

அந்தப் பெயரால் எனக்கு வருத்தம் இருந்ததா என்று உங்கள் உதவியாளர் மூன்று தடவை கேட்டார். இல்லை. ஒருவருக்கு ஒரு பெயர் வைத்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புது மாடல் வந்தது. எண்பது போர்டு. ஒவ்வொன்றிலும் பத்து தடவை பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோகும்போது பிளக்கைப் பிடுங்குவார்கள் இல்லையா, அப்போது பம்ப் பேட்டரிக்கு மாற வேண்டும். மாறும் அந்த இமைப்பொழுதில் கோடு இறங்கக் கூடாது. இறங்கினால் உள்ளே இருக்கும் மூளைச் சில்லு மயங்கி விழுந்து எழும். எழும்போது என்ன வேகத்தில் மருந்து தள்ளிக்கொண்டிருந்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது. சிரிஞ்சை மாட்டும்போது குழாயை நிரப்ப ஒரு முழு வேகம் வைத்திருக்கிறார்கள், அந்த வேகத்தில் ஓடும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படித்தவர்களில் நானும் ஒருத்தி.

பதினாலாவது போர்டு, ஆறாவது முறை. கோடு இறங்கியது. மூன்று புள்ளி மூன்று வோல்ட்டில் நேராகப் போக வேண்டியது, இரண்டுக்கு விழுந்து எழுந்தது. ஒரு நொடியை இருபத்தையாயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு நேரம். கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப்புக்குத் தெரியும்.

கிளிப்பை மாற்றினேன். இன்னும் குட்டையான கம்பி போட்டேன். புரோப்பை மாற்றினேன். ஸ்கோப்பையே மாற்றினேன். நாற்பது தடவைக்கு மேல் பிடுங்கியபிறகு மறுபடி அதே இடத்தில் அதே ஆழத்துக்கு இறங்கியது. என் கிளிப் ஆடவில்லை ஐயா. அதை நான் உறுதி செய்துகொண்டேன்.

படத்தை எடுத்துக்கொண்டு பவர் சாரின் மேசைக்குப் போனேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் நாற்காலியைத் திருப்பினார்.

"என்ன கிளிப்பம்மா, மறுபடி ஆடிடுச்சா?"

பக்கத்து மேசையில் இருந்தவர் டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தார்.

"இல்ல சார். கேன்டீனுக்குப் போறேன், வர்றீங்களான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் வந்தார். இரண்டு பேரும் டீ குடித்தோம். தன் மகளுக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னார். திரும்பி வந்து அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தேன். 'போர்டு பதினாலு, புரோப் நாய்ஸ், கணக்கில் சேர்க்க வேண்டாம்.' நாய்ஸ் என்றால் போர்டில் இல்லாமல் புரோப்பில் வெளியிலிருந்து ஏறும் குப்பை. இன்னொரு தடவை பிடுங்கி, வந்த நல்ல படத்துக்கு ஆறாவது முறை என்று பெயர் வைத்தேன்.

எண்பது போர்டையும் முடிக்க ஐந்து வாரம் ஆனது. மொத்தம் பதினேழு படங்களில் கோடு இறங்கியது. பதினேழுக்கும் அதே பெயர். எதையும் நான் அழிக்கவில்லை. எந்தப் படத்திலும் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. தனி ஃபோல்டரில், தேதிவாரியாக, வரிசையாக வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரை எடுத்துப் போனபோது அவர்களுக்குத் தேடும் வேலையே இருந்திருக்காது.

கோப்பில் எண்ணூறு நல்ல படங்கள் போயின. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பவர் சார் என் மேசைக்கு வந்து கைகொடுத்தார். "எண்ணூறுக்கு எண்ணூறு. உங்க கையில ராசி இருக்கு கிளிப்பம்மா" என்றார்.

எப்போதாவது அவராகவே வந்து அந்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். யாராவது பார்த்தால் போதும் என்று இருந்தேன். பதினேழு நாய்ஸ் படமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். குப்பை அப்படி வராது, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். தொழில் தெரிந்த யார் பார்த்தாலும் பத்து வினாடியில் சொல்லிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. பெயரைப் படித்தார்கள், திருப்தியாகப் போனார்கள்.

எட்டு மாதம் கழித்துத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து புகார் வந்தது. வயதான ஒரு பெண்மணி. இடுப்பு எலும்பு ஆபரேஷன். ஸ்கேன் எடுக்க வேறு தளத்துக்குக் கொண்டுபோனபோது, அன்றைய நாள் முழுக்க ஏற வேண்டிய மருந்து சில நிமிடங்களில் ஏறிவிட்டது. மேனேஜர் கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"அதே பேட்ச் பம்ப். ஒரு முந்நூறு தடவை புடுங்கிப் பாத்துடுங்க. நீங்க சொன்னா சரி."

முந்நூறு தடவை பிடுங்கினேன். ஆறு தடவை இறங்கியது. ஆறு படங்களுக்கும் அதே பெயர் வைத்தேன். அப்போது வேறு பெயர் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வேறு பெயர் வைத்தால் பழைய பதினேழையும் மாற்ற வேண்டும். ஒரே அலைக்கு இரண்டு பெயர் இருந்தால் கோப்பு கோப்பாக இருக்காது.

'பம்பில் குறை காணப்படவில்லை' என்று பதில் போனது. அந்த ஆஸ்பத்திரியில் பொறுப்பில் இருந்த நர்ஸ் வேகத்தைத் தவறாக வைத்துவிட்டார் என்று முடிவு செய்தார்கள்.

அந்த நர்ஸ் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். வேலை போன பிறகு. முப்பது வயது இருக்கும். வரவேற்பறை சோபாவின் நுனியில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் என்னைத்தான் பேச அனுப்பினார். பெண்ணுக்குப் பெண் பேசினால் சரியாக இருக்கும் என்றார்.

"நான் மூணுன்னுதான் வெச்சேன் மேடம்" என்றார் அவர். "நல்லா ஞாபகம் இருக்கு. வெச்சுட்டு ரெண்டாவது தடவையும் பாத்தேன். உங்க மெஷின்ல ஏதாவது, எப்பவாவது, ஒரே ஒரு தடவையாவது…"

அவரைக் கூட்டிப்போய் என் திரையில் படங்களைக் காட்டினேன். நேர்க்கோடு, நேர்க்கோடு, நேர்க்கோடு. நூற்றைம்பது வரைக்கும் பொறுமையாகத் தள்ளிக் காட்டினேன். அவருக்கு ஸ்கோப் படிக்கத் தெரியாது, ஆனால் கோடு நேராக இருப்பது யாருக்கும் தெரியும்.

"அப்போ நான்தான் தப்பா வெச்சிருக்கேனா?" என்றார்.

"களைப்புல யாருக்கும் நடக்கும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் அழுதார். தண்ணீர் கொடுத்தேன். போகும்போது என் கையைப் பிடித்து, இத்தனை நாளில் தன்னைத் திட்டாமல் பேசிய முதல் ஆள் நான்தான் என்றார். அவருக்கு வேறு எங்காவது வேலை கிடைத்திருக்கும். நர்ஸ்களுக்கு எங்கேயும் தேவை இருக்கிறது.

சென்ற மாதம் பவர் சாருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் தட்டு விலகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் நான் போனேன். அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையும் கொஞ்சம் பழமும் கொண்டுபோனேன்.

தனி அறை. நல்ல வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிறுத்துமிடம் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பத்தில் எங்கள் பம்ப். உள்ளே நுழைந்ததும் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைத்தான் பார்த்தேன், பழக்கம். முதல் எண்பதில் ஒன்று. அறுபத்து மூன்று. என் மேசையில் பத்து தடவையும் ஒழுங்காக இருந்த போர்டு. அதனால் அதை நம்பியிருப்பீர்கள் என்று உங்கள் உதவியாளர் எடுத்துக் கொடுத்தார். இல்லை. பத்து தடவை போதாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"பாத்தீங்களா கிளிப்பம்மா, நம்ம குழந்தைதான் எனக்கு மருந்து ஊட்டுது" என்றார். மருந்து மயக்கத்தில் வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கின. முகத்தில் பெருமை.

அவர் மனைவி பம்பையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "அக்கா, கரண்ட் போனா இது நின்னுடாதே? நேத்துலேர்ந்து எனக்கு அதே நினைப்பு" என்றார்.

பவர் சார் வலியோடு சிரித்தார். "நிக்கறதாவது. இந்தம்மா எண்ணூறு தடவை புடுங்கிப் பாத்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

"ஆமா. எண்ணூறு தடவை" என்றேன்.

"அவ நம்ப மாட்டா. அந்த ஸ்விட்சை அணைச்சுக் காட்டுங்க."

சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன். பம்பில் பச்சை விளக்கு போய் மஞ்சள் விளக்கு வந்தது. மருந்து அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டேன். அது முதல் தடவை. அதை நானாகச் செய்யவில்லை, அவர் சொல்லிச் செய்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி முகம் தெளிந்தது. "அக்கா, கோச்சுக்காம ஒரு அரைமணி நேரம் கூட இருப்பீங்களா? காலையிலேர்ந்து வாயில ஒண்ணும் வெக்கல. கீழ போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன்."

"நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் போனதும் பவர் சார் சிறிது நேரம் பேசினார். புது மாடலில் பேட்டரியைச் சின்னதாக்கலாம் என்றார். பேசிக்கொண்டே கண்ணை மூடினார். மூச்சு சீராக வந்தது.

அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததுதான். ஆனால் நான் சொன்னால் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை அவர். அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். அவருடைய போர்டில், புரோப் இல்லாமல், கிளிப் இல்லாமல், நான் எதையும் தொடாமல் அது தானாக இறங்க வேண்டும். அப்படி ஒரு படம் இருந்தால் யாரும் எதையும் பென்சிலால் தட்டிக் காட்ட முடியாது. அதனால் ஸ்விட்சை அணைத்தேன். விளக்கு மாறுவதைப் பார்த்தேன். பத்து வரை எண்ணினேன். போட்டேன். பத்து வரை எண்ணினேன். அணைத்தேன்.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "தூங்கறாரா?" என்று கேட்டார். "நல்லா தூங்கறார்" என்றேன். போய்விட்டார். சும்மா இருக்கும் நேரத்தில் கை சுவரில் இருப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

மொத்தம் முப்பத்தொரு தடவை. முதல் தடவையையும் சேர்த்து. பம்ப் தன் நினைவில் ஒவ்வொரு மின்தடையையும் மணி நிமிடத்தோடு குறித்துவைக்கும், அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கிறது. நேற்று நீங்கள் முப்பது என்றீர்கள். முப்பத்தொன்று. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு எண் தவறக் கூடாது.

முப்பத்தொன்றாவது தடவை பம்பின் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி வெளிச்சமானது. மோட்டார் சத்தம் மாறியது. அதுவரை காதில் விழாத மோட்டார், தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. சிரிஞ்சின் பின்பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது.

என் கைப்பேசியில் படம் எடுத்தேன். வேகம் எண் தெளிவாக விழுந்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போனதும் அதற்குப் பெயர் வைத்தேன். 'போர்டு அறுபத்து மூன்று, முப்பத்தொன்றாவது முறை, கோடு இறங்கியது, நாய்ஸ் இல்லை.' தேதி, நேரம். இரண்டு வருடத்தில் அந்த அலைக்கு நான் வைத்த ஒரே சரியான பெயர். அதை வைத்துத்தான் நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

மருந்து தீர நான்கு நிமிடம் ஆனது. மூச்சு குறைய இன்னும் கொஞ்சம். சிரிஞ்சைக் கழற்றியிருக்கலாம். நர்ஸ் பதினைந்து அடி தூரத்தில் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம். எவ்வளவு நேரத்தில் பம்ப் தானாகச் சரியாகிறது என்று பார்க்க நினைத்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது தானாகச் சரியாகாது என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படித்தவள் நான் என்று சற்றுமுன் நானே சொன்னேன்.

அவர் மனைவி திரும்பி வந்தபோது நான்தான் கதவருகே போய், "நர்ஸைக் கூப்பிடுங்க, எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு நிறையப் பேர் வந்தார்கள். எல்லாம் முடிந்தபின், அவர் மனைவி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதார். "கடைசியில நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேக்கா" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன்.

நான் அவரை வெறுத்தேனா என்ற கேள்விக்கு இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அலாரம் அடித்ததா என்று நீங்கள் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றேன். நீங்களும் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு மேலே போய்விட்டீர்கள். அடுத்த பக்கத்தைப் பாருங்கள்.

அந்தப் பம்பில் மூளைச் சில்லுக்குத் துணையாக இன்னொரு சின்னச் சில்லு இருக்கிறது. மருந்து வேகமாக ஓடினால் அது அலாரம் அடிக்கும். அதற்கு நிறுத்தத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அன்று அது சரியாக வேலை செய்தது. முன்பக்கம் வலது மூலையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் இரண்டு நிமிடம் கத்தாது. பிறகு மறுபடி கத்தும்.

முதல் தடவை கத்தியபோது அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "என்ன சத்தம் கிளிப்பம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க தூங்குங்க" என்று சொல்லி அழுத்தினேன். சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை கத்தியபோது அவர் கண் திறக்கவில்லை, இமை மட்டும் அசைந்தது. அழுத்தினேன். மூன்றாவது தடவை எதுவும் அசையவில்லை. அப்போதும் நான்தான் அழுத்தினேன்.